நியூட்ரலும் எர்த்தும் எங்கே சேரணும்?

மாடியில் சோலார் போட்ட பட்டணத்து நண்பர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி: "நியூட்ரலையும் எர்த்தையும் வீட்டுக்குள்ளேயே சேர்த்து முறுக்கிட்டா என்ன? ரெண்டும் மண்ணுக்குத்தானே போகுது?"

மண்ணையே கம்பியா நினைக்கிற இந்தப் பழக்கம் சோலாரை விட ரொம்பப் பழசு. 1838-ல் மியூனிக்கில் ஸ்டைன்ஹைல் என்பவர், தந்திக்கு ஒரு கம்பி போதும், திரும்பி வர்ற வழியை பூமி பார்த்துக்கும்னு கண்டுபிடித்தார். அடுத்த வருஷமே கல்கத்தாவில் ஓஷாக்னெசி தன் சோதனைத் தந்திக்கு ஹூக்ளி ஆற்றுத் தண்ணியையே ஒரு பாதையா வைத்துப் பார்த்தார். தந்தியில் ஓடினது சொற்ப மின்சாரம். அதனால் மண் யாரையும் கடிக்கல.

நம்ம பக்கம் கதை வேற. 1957-ல் மெட்ராஸ் மின்வாரியம் வந்தது. கிணறுகளுக்கு பம்புசெட் பெருகினது. மும்முனை மின்சாரம் நேரம் வைத்துத்தான் வரும், மத்த நேரம் இருமுனை. மோட்டார் கொட்டாயில் ஒரு பல்பு எரியணுமா? ஒரு பேஸ், இன்னொரு முனை மண்ணில் அடித்த கம்பி, இல்லைன்னா கிணற்றுக் குழாய். இப்படி எரித்தவங்க ஊருக்கு ஊர் உண்டு. பல்பு எரியும். கம்பியைச் சுற்றியிருக்கிற ஈர மண்ணிலும் மின்சாரம் நிற்கும். அங்கே கட்டின மாட்டுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் தூரம் அதிகம், அதனால் மனுஷனை விட மாடுதான் முதலில் விழும்.

1956-ம் வருஷத்து இந்திய மின்சார விதிகள், துணை மின்நிலையத்திலேயே நியூட்ரலை குறைந்தது ரெண்டு தனித்தனி இணைப்பால் மண்ணோடு சேர்க்கச் சொன்னது. நம்ம தெருவுக்கு அந்தச் சேர்க்கை டிரான்ஸ்பார்மர் கிட்ட இருக்கு. வீட்டுக்குள் ரெண்டும் தனித்தனியா ஓடணும். அமெரிக்காவில் வீட்டு மெயின் போர்டிலேயே சேர்க்கணும்ங்கிறது விதி. அங்கே ஒரு டிரான்ஸ்பார்மருக்குச் சில வீடுகள்தான். யூடியூபில் அதைப் பார்த்துட்டு இங்கே செய்யறவங்களாலதான் வம்பு.

2012-ல் தமிழ்நாடு சூரியசக்திக் கொள்கை வந்ததுக்கு அப்புறம் கிராமத்துக் கூரையிலும் பேனல் ஏறிடுச்சு. பேனலின் அலுமினியச் சட்டம், இரும்புக் கால், இன்வெர்ட்டர் உடம்பு எல்லாம் எர்த்தில் கட்டியிருக்கும். டிசி பக்கத்துக்கு ஒண்ணு, ஏசி பக்கத்துக்கு ஒண்ணு, இடிதாங்கிக்கு ஒண்ணுன்னு மூணு குழி போடுவாங்க. கிரிட்டோடு சேர்ந்த இன்வெர்ட்டர் தனக்குன்னு நியூட்ரல்-எர்த் சேர்க்கை எதுவும் வைக்கிறதில்லை, டிரான்ஸ்பார்மரில் இருக்கிறதையே நம்புது. கரண்ட் போனா லைன்மேன் உயிருக்காகத் தானும் நின்னுடும்.

இப்போ வீட்டில் ரெண்டையும் சேர்த்துட்டீங்கன்னு வைங்க. திரும்பிப் போற மின்சாரத்தில் ஒரு பங்கு உங்க குழி வழியா ஓடும். ஆர்சிசிபி அடிக்கடி விழும், "தொந்தரவு"ன்னு ஒருத்தர் அதையே கழட்டிடுவார். ஒரு நாள் காற்றுல டிரான்ஸ்பார்மர் பக்கத்து நியூட்ரல் அறுந்தா, தெருவே திருப்பி அனுப்பற மின்சாரம் உங்க குழியைத் தேடி வரும். அப்போ பேனல் கால், மாடிப்படிக் கைப்பிடி, பம்பு உடம்பு எல்லாத்துலயும் வோல்டேஜ் ஏறும். பேனல் துடைக்க வெறுங்காலோடு ஏறுற பையன் கை வைக்கிறது அந்தச் சட்டத்துலதான்.

எர்த் நல்லா இருக்குன்னு ஆர்சிசிபி வேண்டாம்னும் சொல்லாதீங்க. குழியின் தடை 10 ஓம்னா, 230 வோல்ட்டில் கசியறது 23 ஆம்பியர்தான். 32 ஆம்பியர் எம்சிபி அதைக் கண்டுக்காது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உடனே வெட்டும்.

ஒரே விதிவிலக்கு பேட்டரி வைத்த ஹைப்ரிட் இன்வெர்ட்டர். கரண்ட் போய் அது தனியா ஓடும்போது டிரான்ஸ்பார்மரின் சேர்க்கை அதுக்குக் கிடைக்காமல் போகலாம். அப்போ மட்டும் நியூட்ரலையும் எர்த்தையும் உள்ளே இருக்கிற ரிலே சேர்க்கணும், கரண்ட் வந்ததும் பிரிக்கணும். உங்க மாடலில் அந்த ரிலே இருக்கான்னு போட வர்றவரைக் கேளுங்க. கையால் முறுக்கி வைக்கிறது ரிலே ஆகாது.

எங்க கூரத்தில் கிடைத்த பரமேஸ்வரவர்மப் பல்லவன் செப்பேடு ஏழாம் நூற்றாண்டுக்காரங்க எழுதினது. செப்புத் தகட்டை மண்ணில் புதைக்கிறது எங்களுக்குப் புதுசில்லைன்னு சிரிப்போம். ஆனா எர்த் தகடு ஈரத்தில் இருந்தாத்தான் வேலை செய்யும். ஐப்பசி மழையில் நல்லா அளவு காட்டுற குழி சித்திரையில் காய்ஞ்சு கிடக்கும். அதனால எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்றது சித்திரையில. அளந்து முடிச்சதும் குழியில ரெண்டு குடம் தண்ணி ஊத்தச் சொல்லுங்க.