செவிலிக்கு என்ன கூலி?

1

இரண்டு பேரும் வேலைக்குப் போகிற ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்துகிறார்கள். மாதம் எவ்வளவு கொடுப்பது என்கிற கேள்வி வருகிறது. விடையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கொஞ்சம் கவனிப்போம்.

முதலில் பக்கத்து வீட்டில் விசாரிக்கிறார்கள். தொகையோடு சேர்த்து ஒரு எச்சரிக்கையும் கிடைக்கும்: 'நீங்க கூட்டிக் கொடுத்துக் கெடுத்துடாதீங்க.' அடுத்தது அந்தப் பெண்ணின் நிலைமை. புருஷன் இருக்கானா, குடிக்கிறானா, எத்தனை பிள்ளைங்க, வேற வீடு கைவசம் இருக்கா? போக்கிடம் குறையக் குறைய தொகையும் குறைகிறது. மூன்றாவது கணக்குத்தான் முக்கியமானது. ஆயாவுக்குக் கொடுக்கிற பணம் எப்போதும் மனைவியின் சம்பளத்திலிருந்துதான் கழிக்கப்படுகிறது. 'உன் சம்பளத்துல பாதி ஆயாவுக்கே போயிடும்னா நீ எதுக்கு வேலைக்குப் போகணும்?' கணவனின் சம்பளம் இந்தக் கணக்குக்குள் வருவதேயில்லை. குழந்தை இருவருக்கும் பிறந்தது. செலவு மட்டும் ஒருத்தியின் பேரில் எழுதப்படுகிறது. ஆக, ஆயாவின் கூலிக்கு உச்சவரம்பு இன்னொரு பெண்ணின் கூலி. அவளுக்கும் ஆண்களைவிடக் குறைவாகக் கொடுக்கப்பட்டிருக்குமானால், அந்தக் குறைவும் சேர்ந்து கீழே இறங்குகிறது.

இந்த மூன்று கணக்கிலும் காணாமல் போனது வேலை. எத்தனை மணி நேரம், எத்தனை குழந்தை, என்ன வயசு, ராத்திரி உண்டா என்பதெல்லாம் தொகை முடிவான பிறகு பேசப்படுகிற விஷயங்கள். குழந்தை பார்க்கும் உழைப்புக்கு வேலையை அளந்து விலை வைத்த வரலாறு நம்மிடம் மிகக் குறைவு. பார்க்கிறவள் யார் என்று பார்த்து விலை வைத்த வரலாறே அதிகம். அந்த வரலாற்றின் சில கட்டங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

2

தமிழில் இந்த உழைப்பாளிக்கு மிகப் பழைய பெயர் உண்டு: செவிலி. தொல்காப்பியக் களவியல், தாய் என்று சொல்லப்படுபவள் செவிலிதான் என்கிறது. தோழி அவளுடைய மகள் என்றும் சொல்கிறது. உரைமரபு இன்னும் ஒருபடி போய்ச் செவிலியை நற்றாயின் தோழியாக்குகிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பரம்பரை ஏற்பாடு தெரிகிறது. ஒரு தலைமுறையில் தோழியாக இருந்தவள் அடுத்த தலைமுறைக்குச் செவிலி. அவள் மகள் அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தோழி. நம் இலக்கிய ஆசிரியர்கள் இதை நட்பின் மேன்மை என்று பாடம் நடத்திவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை வளர்த்துக் கொடுத்த கதையாகவும் இதை வாசிக்கலாம். அங்கே கூலி என்ற பேச்சே எழவில்லை. பிறப்பிலேயே பிணைக்கப்பட்டவளுக்குத் தனியாக எதற்குக் கூலி?

இதை வேலை என்று அறியாத சமூகம் என்றும் சொல்ல முடியாது. பாராட்டுந்தாய், ஊட்டுந்தாய், முலைத்தாய், கைத்தாய், செவிலித்தாய் என்று ஐவகைத் தாயரைப் பிரித்து வைத்திருக்கிறது மரபு. சீராட்டுவது ஒரு வேலை, சோறூட்டுவது ஒரு வேலை, பால் கொடுப்பது ஒரு வேலை. இது துல்லியமான உழைப்புப் பிரிவினை. 'சும்மா பார்த்துக்கிறதுதானே, இதுல என்ன இருக்கு' என்று இன்று சொல்கிறவர்கள் இந்தப் பட்டியலைப் படிக்க வேண்டும். அந்த அரண்மனைக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்கூட நம் அடுக்குமாடிக்காரர்களுக்குத் தெரியவில்லை.

கலித்தொகையின் ஒன்பதாம் பாடலில், காதலனோடு போய்விட்ட பெண்ணைத் தேடிப் பாலை வழியில் நடக்கிறவள் செவிலி. எதிரே வருகிற முக்கோல் பகவரிடம் விசாரிக்கிறாள். சந்தனத்தால் மலைக்கு என்ன பயன், முத்தால் கடலுக்கு என்ன பயன், இசையால் யாழுக்கு என்ன பயன், அனுபவிக்கிறவர்களுக்குத்தானே பயன் என்று அவர்கள் சமாதானம் சொல்கிறார்கள். மரபான வாசிப்பில் இது கற்பின் பெருமை. ஆனால் யாரிடம் இது சொல்லப்படுகிறது என்று பாருங்கள். பெற்றவள் வீட்டில் இருக்கிறாள்; வளர்த்தவள் வெயிலில் நடக்கிறாள். நீ உருவாக்கியது உனக்குச் சொந்தமில்லை, அதுதான் உலக இயற்கை என்று அவளுக்கு உபதேசம் நடக்கிறது. உழைப்பாளிக்கு அவள் உழைப்பின் விளைவு அந்நியமாவதை மலை, கடல் என்று இயற்கையின் மேல் ஏற்றிச் சொன்ன கவிதை இது. கூலி இல்லாத இடத்தில் கூலிக்குப் பதிலாகத் தத்துவம் கொடுக்கப்பட்டது.

3

செவிலிக்கு அடுத்து வந்த சொல் ஆயா. போர்த்துக்கீசியத்தின் 'அய்யா' (வளர்ப்புத்தாய்) என்ற சொல்லிலிருந்து வந்தது. காலனியம் இந்த வேலைக்கு முதன்முறையாக ரூபாயில் விலை சொன்னது. இதை முன்னேற்றம் என்றே சொல்ல வேண்டும். பரம்பரைப் பிணைப்பிலிருந்து பணத்துக்கு வருவது சின்ன விஷயமில்லை; அதுவும் வெள்ளைக்காரர் வீட்டு வேலைக்குப் போனவர்களில் கணிசமானோர் தலித்துகள் என்கிறபோது.

ஆனால் அந்த விலையை யார் வைத்தது? 1888-இல் வெளிவந்த ஃப்ளோரா ஆனி ஸ்டீல், கிரேஸ் கார்டினர் எழுதிய இல்லப் பராமரிப்புக் கையேடு, இந்தியாவுக்கு வருகிற துரைசானிகளுக்கு வேலைக்காரர்களை எப்படி நடத்துவது, எந்தப் பகுதியில் யாருக்கு என்ன சம்பளம் என்று சொல்லிக்கொடுத்தது. எசமானிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட தொகைக்கு 'ஊர் வழக்கம்' என்று பெயர். ஆயாக்கள் கூடிப் பேசி ஒரு கையேடு போட வாய்ப்பில்லை. இன்றைய 'கூட்டிக் கொடுத்துக் கெடுத்துடாதீங்க' என்பதன் அச்சு வடிவம் அந்தப் புத்தகம்.

கப்பலில் குழந்தைகளோடு இங்கிலாந்துக்குப் போன ஆயாக்களின் கதை இன்னும் கொடியது. கடல் பயணத்துக்காக மட்டும் அமர்த்தப்பட்டார்கள். கரை இறங்கியதும் வேலை முடிந்தது. திரும்பும் பயணத்துக்கு ஏற்பாடில்லாமல் லண்டனில் கைவிடப்பட்டவர்கள் பலர். அவர்களுக்காக ஆல்ட்கேட் பகுதியில் ஒரு விடுதி இருந்தது. 1900-இல் லண்டன் சிட்டி மிஷன் அதன் பொறுப்பை ஏற்று ஹாக்னிக்கு மாற்றியது. இந்தியாவுக்குக் கிளம்பும் வேறொரு குடும்பம் குழந்தை பார்க்க ஆள் கேட்டு வரும்வரை ஆயாக்கள் அங்கே காத்திருந்தார்கள். குழந்தை தூங்கும்போதும் கப்பல் ஆடும்போதும் பார்த்துக்கொண்டது வேலையாக இருந்தது. அடுத்த குழந்தைக்காகக் காத்திருந்த மாதங்கள் யார் கணக்கிலும் வரவில்லை. ஹாக்னியில் அந்த விடுதி இருந்த கட்டடத்தில் 2022-இல் நினைவுப் பலகை பதித்தார்கள். நினைவு கூர்வது மலிவான சம்பளம்.

4

வேலைக்காரியும் எசமானியும் வேறு வேறு இனம் என்பதால்தான் இப்படி என்று தோன்றலாம். சமமானவர்கள் ஒருவர் குழந்தையை ஒருவர் பார்த்தால் விலை எப்படி அமையும்? இதற்கு ஒரு நல்ல சான்று 'பேபி சிட்டர்' என்ற சொல்லைப் பரப்பிய அமெரிக்காவிலேயே இருக்கிறது.

1970களில் வாஷிங்டன் கேபிடல் ஹில் பகுதியில் சுமார் 150 தம்பதிகள் ஒரு கூட்டுறவு வைத்திருந்தார்கள். அதிகாரிகள், வழக்கறிஞர்கள் மாதிரியான ஆட்கள். ஒருவர் வெளியே போகும்போது இன்னொருவர் குழந்தையைப் பார்த்துக்கொள்வார். கூலி பணமில்லை, சீட்டு. அரை மணி நேரத்துக்கு ஒரு சீட்டு. ஒரு கட்டத்தில் எல்லோரும் சீட்டைச் சேர்த்து வைக்க ஆரம்பித்ததால் கூட்டுறவு முடங்கியது. கூடுதல் சீட்டு வெளியிட்ட பிறகு சரியானது. உறுப்பினர்களான ஜோன் ஸ்வீனியும் ரிச்சர்ட் ஸ்வீனியும் இதை 1977-இல் ஒரு பொருளாதார இதழில் எழுதினார்கள். பிற்பாடு பால் க்ரூக்மன் இதைப் பிரபலமாக்கினார். பணப்புழக்கத்துக்கும் மந்தநிலைக்கும் உதாரணமாகவே இந்தக் கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது.

நமக்கு வேண்டியது வேறு. அந்தக் கூட்டுறவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம் என்பதே விலை. 'இது திறன் வேலையா, திறனற்ற வேலையா' என்று யாரும் கேட்கவில்லை. 'குழந்தை தூங்கிட்டுத்தானே இருந்துச்சு' என்று சீட்டைக் குறைக்கவில்லை. பார்க்கிறவரும் பார்க்கச் சொல்கிறவரும் ஒரே வர்க்கமாக இருந்தபோது நேரம் நேரமாகவே மதிக்கப்பட்டது.

அதே நகரத்தின் நாடாளுமன்றம் மற்றவர்களுக்கு என்ன செய்தது? 1935-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயத் தொழிலாளரையும் வீட்டு வேலை செய்வோரையும் வெளியே நிறுத்தியது. தென் மாநிலங்களில் இந்த இரண்டு வேலையிலும் கறுப்பின மக்களே மிகுதி. 1938-இன் நியாய உழைப்புத் தர நிர்ணயச் சட்டம் மணிக்கு 25 சென்ட் என்று குறைந்தபட்சக் கூலி வைத்தபோதும் வீட்டு வேலை அதன் வரம்புக்குள் வரவில்லை. 1974 திருத்தம்தான் வீட்டுப் பணியாளரை உள்ளே கொண்டுவந்தது. அப்போதும் அவ்வப்போது குழந்தை பார்ப்பவர்களும் முதியோருக்குத் துணையிருப்பவர்களும் விலக்கப்பட்டார்கள். தங்களுக்குள் ஒரு மணிக்கு ஒரு மணி. வெளியே இருப்பவளுக்குச் சட்டமே கிடையாது.

5

இங்கே அரசு நேரடியாகக் குழந்தை பார்க்கிற முதலாளியாக வந்தது 1975 அக்டோபர் 2-இல், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தோடு. அங்கன்வாடிப் பணியாளர் சோறு போடுகிறார், எடை பார்க்கிறார், பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார், பதிவேடு எழுதுகிறார், கணக்கெடுப்புக்கும் போகிறார். இதற்கெல்லாம் கொடுக்கப்படுவதற்குப் பெயர் 'மதிப்பூதியம்'. இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஊதியம் என்றால் உரிமை வருகிறது, பஞ்சப்படி வருகிறது, ஓய்வூதியம் வருகிறது. முன்னால் 'மதிப்பு' சேர்ந்ததும் இதெல்லாம் ஓடிப்போகிறது. மரியாதையைக் கூட்டி ரூபாயைக் குறைக்கிற சொல். கலித்தொகைப் பகவர்கள் செய்த அதே வேலையை அரசாணை செய்கிறது.

2018-இல் ஒன்றிய அரசு பணியாளருக்கான மதிப்பூதியத்தை மாதம் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆகவும், உதவியாளருக்கு 1,500-இலிருந்து 2,250 ஆகவும் உயர்த்தியது. மேல்தொகையை மாநிலங்கள் போடுகின்றன. தமிழ்நாட்டில் போராட்டங்களின் விளைவாகக் கிடைத்தது 'சிறப்பு காலமுறை ஊதியம்'. இங்கேயும் முன்னொட்டுதான் வில்லன். 'சிறப்பு' என்றால் மற்ற அரசு ஊழியருக்கு உள்ளது உனக்கு இல்லை என்று பொருள். அந்த முன்னொட்டை எடுக்கச் சொல்லித்தான் சங்கங்கள் சாலையில் உட்கார்ந்தன. 2006-இல் அமீர்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடிப் பணியாளர் வகிப்பது அரசுப் பதவி அல்ல என்றது. 2022 ஏப்ரலில் மணிபென் வழக்கில், அவர்கள் பெறுவது பணிக்கொடைச் சட்டத்தின்படி ஊதியமே, பணிக்கொடை பெற உரிமை உண்டு என்றது. ஒரு சொல்லுக்கு அர்த்தம் மாற 47 வருஷம் ஆயிற்று.

6

சரி, வீட்டில் எவ்வளவுதான் கொடுப்பது? தோழர்கள் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள், கேட்கவும் வேண்டும். மே தின ஊர்வலத்துக்கும் இலக்கியக் கூட்டத்துக்கும் போகும்போது நம்மில் பலர் வீட்டுக் குழந்தை ஒரு பெண்ணின் மடியில்தான் இருக்கிறது.

முதலில் மணியை எண்ண வேண்டும். குழந்தை தூங்குகிற மணியையும் சேர்த்து. திருடன் வரவில்லை என்பதற்காகக் காவலாளியின் சம்பளத்தைக் குறைக்கிறோமா? 2011-இல் சர்வதேச உழைப்பு நிறுவனத்தில் நிறைவேறிய 189-ஆம் உடன்படிக்கை, வீட்டுப் பணியாளர் தன் விருப்பப்படி செலவிட முடியாமல் அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரமும் வேலைநேரமே என்ற கோட்பாட்டை ஏற்றது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஒப்புதல் மட்டும் இன்றுவரை கொடுக்கவில்லை. அரசு கொடுக்காத ஒப்புதலை ஒரு வீடு கொடுக்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

அந்த மணிக்கணக்கை, அரசு மற்ற வேலைகளுக்கு வைத்திருக்கும் குறைந்தபட்சக் கூலியோடு பெருக்கினால் வருவது தரைமட்டம். அதற்குக் கீழே பேரம் இல்லை. இரண்டு குழந்தையென்றால் கூடும், கைக்குழந்தையென்றால் கூடும், ராத்திரியென்றால் கூடும். மிச்சச் சோறு, பழைய புடவை எதையும் கூலியில் கழிக்கக் கூடாது. வாரம் ஒருநாள் சம்பளத்தோடு விடுப்பு. நீங்கள் ஊருக்குப் போனால் அந்த நாட்களுக்கும் சம்பளம், ஏனென்றால் வேலையை நிறுத்தியது அவளில்லை. உங்களுக்குப் பஞ்சப்படி ஏறும்போது அவளுக்கும் ஏற வேண்டும். தொகையைக் கழிப்பது இருவர் சம்பளத்திலிருந்தும். குழந்தையைத் தூக்கும் கைக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிற வீட்டில் எந்தத் தொகையும் நியாயமான தொகை ஆகாது.

'இதையெல்லாம் காசால அளக்க முடியுமா, பாசம்னு ஒண்ணு இருக்கே' என்பார்கள். பாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆசிரியருக்கும் மருத்துவருக்கும்கூடத் தம் வேலைமேல் பாசம் உண்டு; அதற்காக அவர்கள் சம்பளத்தில் யாரும் பிடித்தம் செய்வதில்லை. பாசத்தைக் கணக்கிலிருந்து எடுத்து வைத்துவிட்டுப் பேசினால்தான் பாசத்துக்கும் மரியாதை.

இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது, இதைக் கூலி பேசும்போதே கேட்டுவிட வேண்டும்: அவள் இங்கே இருக்கும் அந்த ஒன்பது மணி நேரம் அவள் குழந்தையை யார் பார்க்கிறார்கள்? பெரும்பாலும் மூத்த மகள். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல், சம்பளமில்லாமல். தொல்காப்பியம் அவளுக்குத் தோழி என்று பெயர் வைத்தது. அம்மாவுக்குக் கொடுக்கிற கூலி அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் போதுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.