செஞ்சிக் கோன்மாரும் நம் முன்னோரும்

தம் முன்னோர் யாவர், எவ்வூரினர், எத்தொழில் செய்து வாழ்ந்தனர் என அறிய விரும்புதல் மக்கட்கு இயல்பாயமைந்த வேட்கையாகும். நந்தமிழில் 'பேரன்' என்னுஞ் சொல்லே இதற்குச் சான்று பகரும். அது 'பெயரன்' என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்கி நிற்பவன் என்பது பொருள். மகன் பிறந்தவுடன் பாட்டன் பெயரை இட்டு, இறந்தாரை மீண்டும் இல்லத்துள் அழைத்துக் கொண்ட மக்கள் நாம். அத்தகைய நாம், பாட்டனுக்குப் பாட்டன் யாவன் எனின் வாய் மூடி நிற்கின்றோம். இது வருந்தத்தக்கதே.

செஞ்சிக்கோட்டை 2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் தமிழ்நாட்டில் உள்ளது இஃதொன்றே. அதன் பின்னர் நம் சங்கத்திற்குக் குடிவழிப் பட்டியல்கள் பல வரத் தொடங்கியுள்ளன. அவற்றை நோக்குமாறு சங்கத்துப் பெரியோர் எம்மைப் பணித்தனர். நோக்கினோம். அவற்றுட் பெரும்பாலான செஞ்சியை ஆண்ட ஆனந்தக் கோனைத் தலையாகக் கொண்டு தொடங்குகின்றன. அடுத்த பெயர் அனுப்பினோருடைய பாட்டன் அல்லது பூட்டன் பெயராக நிற்கின்றது. இடையே அறுநூறு ஆண்டுகள் வெற்றிடம்! இப்பட்டியல்களை இதழில் வெளியிடலாமா, ஆகாதா என்பதே இக்கட்டுரை எழுதுதற்குக் காரணமாயிற்று.

எம்மூராகிய சீயமங்கலம் செஞ்சிக்கு வடக்கே தேசூரை அடுத்துளது. சீயம் என்பது சிங்கம். ஈண்டுள்ள குன்றினைக் குடைந்து, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தே ஆண்ட மகேந்திரவர்மப் பல்லவன் சிவபெருமானுக்குக் கோயில் கண்டான். இறைவனைத் தூணாண்டார் என்பர். லளிதாங்குரன் என்னும் தன் பட்டப் பெயரையும், 'அவனிபாஜன பல்லவேசுவரம்' என்னுங் கோயிற் பெயரையும் அவ்வரசன் வடமொழியில் கிரந்த எழுத்தால் அங்கேயே பொறித்து வைத்தான். அதே ஊரில் சமணத் திருவுருவங்கள் செதுக்கிய பாறையும் உண்டு. அதில் கங்க மன்னன் இராசமல்லன் பெயரும், கி.பி. 892-93-க்கு ஒத்த சக ஆண்டும் காணலாம். செய்தவன் பெயரைச் செய்த காலத்திலேயே செய்த இடத்திலேயே கூறும் சான்றுகள் இவை. சான்று என்பது எத்தன்மையது என்று யாம் மாணாக்கர்க்குக் கற்பிக்கும்போது இக்குன்றினையே காட்டுவது வழக்கம். கூறுபவர் யார்? எக்காலத்தவர்? எதன் பொருட்டுக் கூறினார்? இம்மூன்று வினாக்களையும் தாங்குவதே சான்று. ஏனையது செவிவழிச் செய்தி.

இனி, ஆனந்தக் கோன் கதையை இவ்வினாக்களின் முன் நிறுத்துவோம். கதை நம்மவர் யாவரும் அறிந்ததே. ஆயர் குலத்து ஆனந்தக் கோன் செஞ்சி மலையில் ஆடு மேய்க்குங்கால் புதையல் கண்டெடுத்தனன், படை திரட்டினன், கமலகிரி என்னும் மலையில் அரண் எடுத்து அதற்கு ஆனந்தகிரி எனத் தன் பெயரிட்டனன், 1190 முதல் ஐம்பது ஆண்டுகள் ஆண்டனன், அவன் பின் வந்த கிருஷ்ணக் கோன் வடபாலுள்ள மலையை அரண்செய்து அதற்குக் கிருஷ்ணகிரி என்னும் பெயர் தந்தனன் என்பது அக்கதை.

இதனைக் கூறும் நூல் யாது? 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' என்பது. நாராயணப் பிள்ளை என்பார் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தே, ஆங்கில அதிகாரியாகிய மக்ளவுட் துரையின் விருப்பத்திற்கிணங்கத் தொகுத்து எழுதியது. ஆனந்தக் கோன் காலத்திற்கும் நூல் எழுந்த காலத்திற்கும் இடையே அறுநூறு ஆண்டுகள் கழிந்தன. அதனினும் பெரியதொரு தடையும் உண்டு. ஒட்டக்கூத்தர் பாடிய விக்கிரமசோழனுலா, அச்சோழன் அவைக்கண் இருந்த சிற்றரசருள், மதில் சூழ்ந்த செஞ்சிக்குரிய காடவனைக் குறிக்கின்றது. விக்கிரம சோழன் ஆட்சி 1118-இல் தொடங்கி 1135-ஐ ஒட்டி முடிந்தது. ஆகவே, ஆனந்தக் கோனுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே செஞ்சியில் அரணும் தலைவனும் இருந்தமை பெறப்படும். பின்னர் 1231-ஐ ஒட்டிச் சோழன் மூன்றாம் இராசராசனைச் சேந்தமங்கலத்துச் சிறைவைத்த கோப்பெருஞ்சிங்கனும் காடவர் குலத்தவனே. அச்செய்தியைத் திருவயிந்திரபுரக் கல்வெட்டு அக்காலத்திலேயே கூறுகின்றது. கோன்மார் செஞ்சியை ஆண்டனர் எனக் கூறப்படும் அதே காலத்தில் இப்பகுதியில் ஓங்கி நின்றவர் காடவரே என்று கல் சொல்லுகின்றது.

அவ்வாறாயின் கதை முழுதும் பொய்யோ எனின், அங்ஙனங் கூறவும் யாம் துணியோம். 1800-ஆம் ஆண்டையொட்டி இந்நாட்டு மக்கள், இம்மலையை முதன்முதல் ஆயன் ஒருவன் ஆண்டான் என்று சொல்லி வந்தனர், அதனை ஒருவர் கேட்டு எழுதினர், இவ்வளவும் உண்மை. மேய்ச்சல் நிலத்தை உடையார் மலையின் ஒவ்வொரு சுனையையும் வழியையும் அறிந்திருப்பர். அவர்தம் தலைவன் ஒருவன் சில காலம் மலைமேல் அதிகாரம் செலுத்தியிருத்தலும் கூடும். ஆயினும் 'கூடும்' என்பது வேறு. 'எம் பாட்டன் அவன்' என்பது வேறு. கதை ஒரு வாயிலாகும். அதன் வழியே உள்ளே புகுந்து தேடலாம். வாயிலையே வீடென்று கொண்டு அதன்கண் குடியிருத்தல் ஆகாது.

நிற்க. அரசரைத் தேடி அலையும் நம்மவர், கண்ணெதிரே நிற்கும் முன்னோரைக் காணாது விடுகின்றனர் என்பதே எம் வருத்தம். திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் மிகுதி. தமிழ்நாட்டரசின் தொல்பொருள் ஆய்வுத் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக அவற்றை வெளியிட்டது, பதிப்பித்தவர் இரா. நாகசாமி. அவற்றுள் எடுத்தனூர்க் கல் ஒன்று. மகேந்திரவர்மனது 34-ஆம் ஆட்சியாண்டில் கருந்தேவக்கத்தி என்பான் தன் எருமைகளைக் காக்கும் பொருட்டுப் பொருது மாண்டான் என்று அது கூறும். வீரன் அருகே ஒரு நாயின் உருவமும் உண்டு. அதன் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என நாய்க்கும் தனியே எழுத்துப் பொறித்தனர். எம்மூர்க் குன்றில் கோயில் குடைந்த மன்னனும், எருமை காத்து மாண்ட இம்மறவனும் ஒரே காலத்தவர்! ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஆனிரை காத்தவனுக்கும் அவன் நாய்க்கும் கல் எடுத்த நாடு இது.

இக்கருந்தேவக்கத்தி நங்குலத்தானோ எனின், கல் அதனைக் கூறவில்லை. கூறாததை நாம் கூறலாகாது. ஆயினும், ஆனிரை காத்தல் உயிரினும் உயர்ந்த கடன் எனக் கொண்ட வாழ்வு எத்தகையது என்பதை இக்கல் போல் எந்த வமிசாவளியும் நமக்கு உணர்த்தாது.

நங்குலத்தார் பெயரையே வெளிப்படக் கூறும் கல்லும் உண்டு. சோழர் காலத்தில் கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க விரும்பியோர் ஆடுகளை அளித்தனர். தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகளின்படி ஒரு விளக்கிற்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடவர். ஆடுகள் இறப்பினும் மூப்பினும் குட்டிகளைக் கொண்டு தொகை குறையாது காத்தல் வேண்டும். ஆதலின் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். இன்ன ஊரினனாகிய இன்ன இடையன் இத்தனை ஆடு பெற்றான், அவனோடு பொறுப்பேற்ற உறவினர் இன்னார் என முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் பெயர் பெயராக அடுக்கிச் செல்கின்றன. கோன், மன்றாடி முதலிய பெயர்கள் பிற கோயிற் சுவர்களிலும் பயில்கின்றன. ஓர் உழக்கு நெய்யைத் தவறாது அளந்தவன், அவன் மகன், அவன் மருகன் என நிற்கும் அவ்வரிசை, புதையல் கண்டு மன்னனான கதையினும் நமக்குப் பெருமை தருவதன்றோ? மன்னன் ஒருவனே, நாணயம் தவறாது விளக்கெரித்தோர் பல்லாயிரவர்.

இனி, தம் குடிவழியை ஆராய விழைவோர் கைக்கொள்ளத்தக்க முறையைச் சிறிது கூறுவாம். தொடங்க வேண்டிய இடம் செஞ்சிக்கோட்டை அன்று. தம் வீட்டுத் திண்ணை. வீட்டில் முதியோர் உளராயின் இன்றே அவர் அருகிலமர்ந்து கேட்டல் வேண்டும். ஆடவரினும் பெண்டிரே மிகுதியும் அறிவர். எவ்வூரிற் பெண் கொண்டோம், எவ்வூர்க்குக் கொடுத்தோம், எவள் எந்த நோயால் மாண்டாள், எந்தப் பஞ்சத்தில் ஊர் பெயர்ந்தோம் என்பனவெல்லாம் பாட்டிமார் நினைவிலேயே உள. பத்திரங்கள் தந்தை பெயரைக் கூறும். தாய் பெயரை அரிதாகவே கூறும். ஆதலின் பாட்டி மறைந்தால் குடிவழியிற் பாதி மறைந்தது என்க. குலதெய்வம் எவ்வூரில் உளது என்பதையும் மறவாது வினவுக. குடி எங்குப் பெயரினும் குலதெய்வம் பழைய ஊரிலேயே இருக்கும். அதுவே முன்னோர் ஊருக்குக் கைகாட்டி.

அடுத்து ஆவணங்கள். பத்திரப்பதிவு இந்நாட்டில் 1860-களில் வந்தது. பழைய கிரயப் பத்திரங்களும் பாகப் பத்திரங்களும் மூன்று நான்கு தலைமுறைப் பெயர்களைத் தரும். இனாம் நிலம் பெற்றிருந்த குடியினர், 1858-இல் ஏற்பட்ட இனாம் கமிஷன் எழுதுவித்த பதிவேடுகளைக் காணல் வேண்டும். நிலத்தை முதற்கண் பெற்றவர் யார், அப்போது அனுபவித்தவர் யார், இருவர்க்கும் உறவு யாது என அவை கூறும். இத்தகைய பழம் பதிவேடுகள் பல சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள. மாவட்டப் பெயர்களில் மயங்கற்க. சீயமங்கலம் முன்னாளில் வடார்க்காட்டினது, செஞ்சி தென்னார்க்காட்டினது. அவை முறையே 1989-இலும் 1993-இலும் பிரிக்கப்பட்டன. பழைய ஏடுகளில் பழைய மாவட்டப் பெயரின் கீழேயே தேடுதல் வேண்டும்.

பெயரனுக்குப் பாட்டன் பெயரிடும் வழக்கம் ஈண்டு ஓர் இடரும் விளைக்கும். 1870-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் 'இராமசாமிக் கோன் குமாரன் கிருஷ்ணக் கோன்' என்றிருக்கும்; 1925-ஆம் ஆண்டுப் பத்திரத்திலும் அவ்வாறே இருக்கும். இருவரும் ஒருவரென மயங்கினால் நடுவில் இரண்டு தலைமுறை வீழ்ந்துபடும். நில எல்லை, உடன்பிறந்தார் பெயர், சாட்சிகள் பெயர் ஆகியவற்றை ஒப்பிட்டே துணிதல் வேண்டும்.

கடல் கடந்து சென்ற உறவினரைத் தேடுவார்க்கும் வழியுண்டு. 1860 முதல் 1911 வரை நேட்டால் நாட்டுக்குக் கூலிகளாகச் சென்றோர் 1,52,184 பேர். அக்கப்பற் பட்டியல்களில் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண்ணிட்டு, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், மாவட்டம் ஆகியன எழுதினர். ஆர்க்காட்டு ஊர்கள் அவற்றுட் பல. மொரீசியசில் இத்தகைய பதிவேடுகள் மோக்கா நகரத்து மகாத்மா காந்தி நிலையத்தில் உள. அங்குப் பிறந்து தமிழ் மறந்தாரும் அவ்வேட்டுத் துணுக்கினைக் கையிற் கொண்டு ஈண்டு வந்து ஊரைத் தேடுகின்றனர். அவர் கையில் எண்ணும் ஊர்ப்பெயரும் உள. ஊரிலுள்ள நம்மிடமோ ஒன்றும் இல்லை. வந்தாரை 'இவர் எம் வழியினர்' என்று கைப்பற்றி அழைத்துச் செல்ல இயலாது நிற்கின்றோம்.

இல்லாமைக்குக் காரணம் நாமே. போகி நாளில் பழைய ஓலைகளையும் பத்திரங்களையும் தீயிலிட்டோர் எத்தனை பேர்! பழைய வீட்டை இடிக்குங்கால் பரண்மேலிருந்த தகரப்பெட்டியைப் பழைய காகித வணிகனுக்கு எடைபோட்டுக் கொடுத்த குடும்பம் ஒன்றையும் யாம் அறிவோம். பெட்டியின் விலைதான் கிடைத்தது. நடுகற்களை வேடியப்பன் என வழிபடுதல் நன்று. ஆயின் வழிபாடு என்று எண்ணெயும் வண்ணமும் அப்பி எழுத்தை மறைத்தல் நன்றன்று. எழுத்துள்ள கல்லைச் சுரண்டவும் வேண்டா. காலை அல்லது மாலைச் சாய்வெயிலிற் படமெடுத்துத் தொல்லியல் துறையார்க்குத் தெரிவித்தால் அவர்கள் மைப்படி எடுத்துப் படிப்பர்.

புதுவை ஆனந்தரங்கப் பிள்ளை நங்குலத்தவர் என்று பெருமை பேசுகின்றோம். அவர் பெருமை துய்ப்பிளேயின் துபாஷி என்பதன்று. 1736 முதல் 1761 வரை கண்டதையும் கேட்டதையும் அவ்வப்போதே எழுதி வைத்தார் என்பதே. அவரைப் போற்றுவார் அவர் செய்ததைச் செய்தல் வேண்டும்.

ஆகவே சங்கத்துப் பெரியோர்க்கு எம் விடை இதுவாகும். ஆனந்தக் கோனில் தொடங்கும் பட்டியல்களை வெளியிடற்க. அனுப்பிய அன்பர்கள் சினங்கொள்ளாதிருத்தல் வேண்டும்; இது நிராகரிப்பன்று, திருத்தி வாங்குதலே. பட்டியல் கீழிருந்து மேலே செல்லுக. ஒவ்வொரு பெயரின் எதிரேயும் அதற்குச் சான்று பத்திரமா, கல்லா, பாட்டியின் வாய்மொழியா எனக் குறிக்க. சான்று முடியும் இடத்திற் கோடிட்டு நிறுத்துக. மூன்று தலைமுறையோடு நின்றாலும் இழுக்கில்லை. மெய்யாகிய மூன்று பெயர், பொய்யாகிய முப்பது பெயரினும் பெரிது. அத்தகைய பட்டியல் வருமாயின் அதனை இவ்விதழில் வெளியிடுமாறு யாமே பரிந்துரைப்போம். உழக்கு நெய்யைக் குறையாது அளந்த முன்னோர் வழிவந்தோம் என்பார், அவர் வரலாற்றையும் கூட்டாது குறையாது அளந்து வைத்தல் முறையன்றோ?