அப்போதிக்கரிமார் தொழில் பழகிய இடம்

திருகோணமலையில் ஜேன் ஆஸ்டினின் தம்பி, ரியர் அட்மிரல் சார்ள்ஸ் ஆஸ்டினின் கல்லறை இருக்கிறது. 1852இல் பர்மியப் போருக்குப் போனவரை ஐராவதி ஆற்றிலேயே வாந்திபேதி கொண்டுபோயிற்று. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து துறைமுகத்தைக் கைப்பற்றிய பிரித்தானியருக்கு நோயும் ஒரு பகையாகவே இருந்தது. கடற்படைக்கு வைத்தியர்கள் இருந்தார்கள். சுற்றியிருந்த ஊர்களுக்கு நாட்டு வைத்தியரான பரிசாரிமாரே துணை.

அயலிலுள்ள வன்னியில் பறங்கிநோயும் காய்ச்சலும் குடிகளைத் தேய்த்தன. அதை ஆராய்ந்த வைத்தியர் ஜேம்ஸ் லூஸின் அறிக்கையே, 1870இல் கொழும்பில் மருத்துவப் பள்ளி திறக்க வழிசெய்தது. அதன் முதல் அதிபரும் அவர்தான். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் கற்பிக்கத் தொடங்கியிருந்தார். பிற்பாடு பாடமொழியைத் தமிழாக்கிய அவருடைய 'கெமிஸ்தம்' என்ற இரசாயன நூல் 1875இல் வெளிவந்தது.

கொழும்பில் டாக்டர்மாரோடு அப்போதிக்கரிமாரும் உருவானார்கள். நாட்டுப்புற டிஸ்பென்சரியில் நோய் பார்த்தவர்களும் மருந்து கொடுத்தவர்களும் இவர்களே. களிம்பு பிசைவது, தராசில் தூள் நிறுப்பது, மிக்சர் கலந்து போத்தலில் ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று காட்டும் கடதாசிப் பட்டியை ஒட்டுவது எல்லாம் கைப்பழக்கத்தில் வந்தவை.

1905ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இலங்கை மருத்துவக் கல்லூரிப் பேரவை, மருந்தாளர் தேர்வையும் நடத்தலாயிற்று. வெளிவாரியாகத் தோற்றுபவர் பதிவுபெற்ற மருந்தாளர் ஒருவரிடம் தொழில் பழக வேண்டியிருந்தது. இங்கேதான் பயிற்சி ஆஸ்பத்திரி, கடை என்று இரண்டாகப் பிரிந்தது. தனியார் மருந்துக் கடையில் பழகியவர் மருந்துகளின் பெயரையும் விலையையும் அறிந்தார். அந்த மருந்து நோயாளியின் உடம்பில் என்ன செய்தது என்பதைப் பார்க்க அவருக்கு வாய்ப்பில்லை.

1971இல் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் எழுந்தது. கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பொதுப்பெயரில் எழுதவும் வாங்கவும் வேண்டும் என்பது அவர் கொள்கை. மருந்தாளருக்கோ கலக்கும் வேலை குறைந்து, அளவையும் ஒவ்வாமையையும் சரிபார்க்கும் பொறுப்பு கூடியது. 1990இல் அமெரிக்க அறிஞர்கள் ஹெப்லரும் ஸ்ட்ராண்டும், சிகிச்சையின் விளைவுக்கு மருந்தாளரும் பொறுப்பாளி என்று வாதிட்டபின், உலகெங்கும் மாணவர்களை வார்டுக்குள் அனுப்பும் வழக்கம் வலுத்தது.

இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கலாம். பி.பார்ம் படிக்க யாழ்ப்பாணம், பேராதனை போன்ற இடங்களுக்குப் போக வேண்டும். அப்படிப் போகிற பிள்ளைகளை விடுமுறைக் காலத்தில் மாவட்ட ஆஸ்பத்திரி பயிற்சிக்கு ஏற்கலாம். ஆனால் ஓ.பி.டி. வரிசையைக் கவனிக்கும் மருந்தாளரே பாடமும் சொல்வதென்றால் இரண்டும் கெடும். கற்பிப்பதற்கென்று ஒருவரின் நேரத்தை ஒதுக்கி, மாணவரை டாக்டரோடு வார்டு சுற்றவும், மருந்துத் துண்டிலுள்ள பிழையைக் கண்டு கேட்கவும், வீடு திரும்பும் நோயாளிக்கு விளங்கப்படுத்தவும் விட்டால், அந்தப் பயிற்சி மருந்து எண்ணிக் கொடுப்பதோடு நின்றுவிடாது.