சூத்திரத்துக்கு முன் மின்சுமைச் சமன்பாடு: திருவண்ணாமலைக் குளத்து நீரும் அமில–காரச் சமநிலைக் கணக்கும்

மேல்நிலை வகுப்பு வேதியியலில் அயனிச் சமநிலைக் கணக்கைப் பார்த்ததும் மாணவர் சூத்திரத்தைத் தேடுகிறார். வலிமை குறைந்த அமிலமா, தாங்கல் கரைசலா, உப்பின் நீராற்பகுத்தலா என்று வகை பிரித்து எண்களை இடுகிறார், விடையும் வந்துவிடுகிறது. ஆனால், இந்த வகைகளுள் அடங்காத நீரைக் கொடுத்தால் கை நின்றுவிடுகிறது. கரைசலிலுள்ள அயனிகளைப் பட்டியலிட்டு, நேர்மின்சுமையும் எதிர்மின்சுமையும் சமம் என்று எழுதுவதே முதற்படி; சூத்திரம் அதிலிருந்து பிறக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அருணாசலேஸ்வரர் கோயிலுக்குள் சிவகங்கை, பிரம்ம தீர்த்தங்களும், வெளியே தெப்பல் நடக்கும் ஐயங்குளமும் உள்ளன. இத்தகைய திறந்த குளங்களில் விழும் மழைநீரிலிருந்து கணக்கைத் தொடங்கலாம். 25 டிகிரி செல்சியஸில் காற்றோடு சமநிலையிலுள்ள தூய நீரில் கரைந்திருக்கும் கார்பன் டைஆக்சைடு லிட்டருக்குச் சுமார் 1.4 × 10⁻⁵ மோல். கார்பானிக் அமிலத்தின் முதல் பிரிகை மாறிலி 4.5 × 10⁻⁷. இங்கே ஹைட்ரஜன் அயனியின் செறிவும் பைகார்பனேட்டின் செறிவும் ஏறத்தாழச் சமம். எனவே இரு எண்களின் பெருக்கற்பலனுக்கு வர்க்கமூலம் கண்டால் பி.எச். 5.6.

குளத்து நீரின் நிலை வேறு. மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் வந்த கால்சியம், சோடியம் முதலிய அயனிகளை ஈடுசெய்யப் பைகார்பனேட் நிற்கிறது. அதன் செறிவை லிட்டருக்கு 2 × 10⁻³ மோல் எனக் கொள்வோம். அதே காற்று, அதே மாறிலி; முன் கண்ட பெருக்கற்பலனை இந்தச் செறிவால் வகுத்தால் பி.எச். மட்டும் 8.5. வர்க்கமூலச் சூத்திரத்தை இங்கும் இட்டவர் குளத்து நீரை அமிலமாக்கிவிடுவார்.

வெயிலேறிய நேரத்தில் பாசிகள் கார்பன் டைஆக்சைடை உறிஞ்சுகின்றன. அது பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் அதே எளிய வகுத்தல் 9.5 என்கிறது. இரண்டாம் பிரிகை மாறிலி 4.7 × 10⁻¹¹ என்பதைக் கொண்டு சரிபார்த்தால், கார்பனேட்டின் செறிவு பைகார்பனேட்டில் சுமார் 15 விழுக்காடு. ஈரெதிர்மின்சுமை கொண்டதால் மின்சுமைக் கணக்கில் அதன் பங்கு இரட்டிப்பாகிறது. அதைச் சேர்த்துத் தீர்த்தால் விடை 9.4. தோராயம் எங்கே தளர்கிறது என்பதையும் மின்சுமைச் சமன்பாடே காட்டிக்கொடுக்கிறது.

தேர்வு நேரத்தில் இவ்வளவும் எழுத முடியுமா என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. தோராயத்தைக் கைவிடச் சொல்லவில்லை. எதை விட்டோம் என்று தெரிந்து விட வேண்டும், விடை கண்டபின் அது சரிதானா என்று பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு வரி போதும். தாங்கல் கரைசலுக்கு மாணவர் இடும் சூத்திரமும் இயற்கை நீர்மத்திலிருந்தே வந்தது: 1908இல் ஹென்டர்சன் தம் சமன்பாட்டை இரத்தத்தின் கார்பானிக் அமிலம்–பைகார்பனேட் சமநிலையை ஆராய்ந்தே அமைத்தார். ஹேசல்பாக் அதற்குப் பின்னர் மடக்கை வடிவம் தந்தார். இயற்கை நீர்மத்தில் பிறந்த சமன்பாட்டை அதன் எடுகோள்களிலிருந்து பிரித்து மனப்பாடமாக்குவது கற்பித்தலின் குறை.

ஆகவே விடைத்தாளில் முதல் மதிப்பெண் மின்சுமைச் சமன்பாட்டை எழுதியதற்கும், கடைசி மதிப்பெண் தோராயத்தைச் சரிபார்த்ததற்கும் தரப்பட வேண்டும். மதிப்பெண் எங்கே இருக்கிறதோ, மாணவரின் பயிற்சி அங்கே போகும்.