பீரங்கி இல்லையா சார்?



பத்தாம் வகுப்பில் என்னிடம் வரலாறு படித்தவர்களுக்கு ஒரு கதை நினைவிருக்கும். 1939 செப்டம்பரில் ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தபோது, போலந்து வீரர்கள் குதிரையில் ஈட்டியோடு டாங்கிகள் மேல் பாய்ந்தார்கள் என்று வருடாவருடம் சொல்வேன். வகுப்பே சிரிக்கும். ஒரு வருடம் ஒரு பையன் எழுந்து, "அவங்ககிட்ட பீரங்கி இல்லையா சார்?" என்றான். "உட்காருப்பா" என்று சொல்லிவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு நிதானமாகப் படித்தபோதுதான் என் தவறு தெரிந்தது.

செப்டம்பர் 1 மாலை, க்ரொயாந்தி என்ற ஊருக்கு அருகில் போலந்துக் குதிரைப்படை பாய்ந்தது உண்மை. ஆனால் பாய்ந்தது ஜெர்மன் காலாட்படை மீது. அப்போது கவச வண்டிகள் வந்து இயந்திரத் துப்பாக்கியால் சுட்டன. கர்னல் மஸ்தாலெஷ் உட்படப் பலர் மாண்டார்கள். மறுநாள் அங்கே அழைத்து வரப்பட்ட இத்தாலியப் பத்திரிகையாளர்கள் எழுதியதிலிருந்துதான் அந்த ஈட்டிக் கதை பரவியது. ஜெர்மன் பிரசாரம் அதை ஊதிப் பெரிதாக்கியது.

போலந்திடம் பீரங்கி இருந்தது. ஸ்வீடனின் போஃபர்ஸ் கம்பெனி 1930களில் வடிவமைத்த 37 மி.மீ. டாங்கி எதிர்ப்பு பீரங்கி. (1980களில் நம் பத்திரிகைகளில் அடிபட்ட அதே போஃபர்ஸ்தான்.) போலந்து உரிமம் வாங்கித் தன் நாட்டிலேயே அதைத் தயாரித்தது. 1939இல் சுமார் 1,200 இருந்தன. எடை 400 கிலோவுக்கும் குறைவு. குதிரைகள் இழுத்து வரும். பிறகு வீரர்களே தள்ளிப் போய்ப் புதரில் மறைத்துவிடலாம். அன்று வந்த ஜெர்மன் டாங்கிகளில் பெரும்பாலானவற்றின் கவசம் 15 மி.மீ.கூடக் கிடையாது. இந்தக் குண்டு அதைச் சுலபமாகத் துளைத்துவிடும்.

அதே செப்டம்பர் 1, மோக்ரா கிராமத்தில் வொலின் குதிரைப்படைப் பிரிவு இதைத்தான் செய்தது. குதிரை அவர்களுக்குப் போய்ச் சேர ஒரு வாகனம், அவ்வளவுதான். இறங்கி நின்று போரிட்டார்கள். ஒரு ரெஜிமெண்டுக்கு 4 பீரங்கிகள்தான். ஒரு கவச ரயிலும் துணைக்கு வந்தது. ஜெர்மனியின் 4ஆவது டாங்கி டிவிஷனை நாள் முழுக்கத் தடுத்து நிறுத்தினார்கள். டாங்கிகள் பல எரிந்தன. இவர்கள் பக்கமும் இழப்பு அதிகம்.

போலந்து தோற்றது உண்மைதான். எதிரியிடம் விமானமும் டாங்கியும் பல மடங்கு அதிகம். செப்டம்பர் 17இல் கிழக்கிலிருந்து சோவியத் படையும் நுழைந்தது. தோற்றதற்குக் காரணம் இவை, அறியாமை அல்ல.

ஜெயித்தவன் கட்டிவிட்ட கதையைச் சொல்லி, செத்தவர்களைப் பார்த்து உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

உங்களில் சிலர் இன்று ஆசிரியர்கள். இந்தக் கதையை வகுப்பில் சொல்லியிருந்தால் தயவுசெய்து திருத்திவிடுங்கள். எங்கள் வாத்தியார் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார் என்று தாராளமாகச் சொல்லலாம்.

அன்று கேள்வி கேட்ட தம்பி இதைப் படித்தால்: இருந்ததப்பா. நீ கேட்டதுதான் சரி.