டிஜிட்டல் இரட்டை: அமைப்பு மாதிரியிலிருந்து தானாக ஆக்கல்

ஓர் அமைப்பை வடிவமைக்கும்போது பொறியாளர்கள் எழுதும் கணினி மாதிரியை, இயங்கும் எந்திரத்தின் தரவோடு இணையும் மெய்நிகர் பிரதியான டிஜிட்டல் இரட்டையாக மென்பொருளே மாற்றித் தரும் முறை. மாதிரி பெரும்பாலும் அமைப்புகளை விவரிக்கும் சிஸ்எம்எல் என்ற மாதிரியாக்க மொழியில் இருக்கும். உருவாகும் இரட்டைக்கு ஜெர்மனியின் 'இண்டஸ்ட்ரி 4.0' முயற்சியில் உருவான 'அசெட் அட்மினிஸ்ட்ரேஷன் ஷெல்' வடிவம் பரவலாகப் பயன்படுகிறது.

ஒரு பம்பை எடுத்துக்கொள்வோம். மாதிரியில் 'பம்பு' ஒரு கட்டம் (பிளாக்). நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்ற நீரோட்ட அளவு அதன் பண்பு. மாற்றி மென்பொருள் கட்டத்தை ஷெல்லாகவும், பண்பை அதன் உட்பிரிவில் ஒரு பதிவாகவும் ஆக்கி, ஈகிளாஸ் போன்ற பொது அகராதியின் அடையாள எண்ணைச் சேர்க்கிறது. வேறு நிறுவனத்தின் மென்பொருளும் அந்த அளவைச் சரியாகப் புரிந்துகொள்ள வைப்பது இந்த எண்தான். முறையின் உயிர்நாடியும் இதுவே.

டிஜிட்டல் இரட்டைக்கு அடிப்படையான கருத்தை ஆய்வாளர் மைக்கேல் கிரீவ்ஸ் 2002-இல் முன்வைத்தார். சிஸ்எம்எல்லின் முதல் பதிப்பு 2007-இல் வெளிவந்தது. அதன் மாதிரிக் கோப்புகள் கருவிக்குக் கருவி வேறுபட்டதால் தானியங்கி மாற்றம் தடுமாறியது. எழுத்து வடிவமும் பொதுவான நிரல் இடைமுகமும் கொண்ட இரண்டாம் பதிப்பு இத்தடையைப் பெரிதும் குறைக்கிறது.

முழுத் தானியக்கம் இன்னும் கைகூடவில்லை. மாதிரி பொதுவாக எந்திர வகையையே விவரிக்கும். ஆலையில் நிற்கும் குறிப்பிட்ட பம்பின் வரிசை எண், சென்சார் முகவரி போன்றவற்றைத் தனியே இணைக்க வேண்டும்.