லெஸ்லி பிரவுனுக்கு ஒரே ஒரு முட்டை

போன மாசம் சொந்தத்தில் ஒரு வீட்டுக்குக் குழந்தை பார்க்கப் போயிருந்தேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழிச்சுப் பொறந்த பொண்ணு. குறைமாசம், 2 கிலோ 100 கிராம்தான். கூடத்துல உக்காந்திருந்த பெரியம்மா ஒருத்தங்க, "டியூப்ல வளத்த புள்ள, எடை எங்கேர்ந்து ஏறும்?"னு சத்தமாவே சொல்லிட்டாங்க. உள்ள படுத்திருந்தவளுக்குக் கண்டிப்பா கேட்டிருக்கும். அங்க வாயைத் திறக்காம வந்துட்டேன். அதான் இந்தப் பதிவு.

இந்தப் பயம் பெரியம்மாவோடது மட்டும் இல்லை. ராபர்ட் எட்வர்ட்ஸும் பேட்ரிக் ஸ்டெப்டோவும் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டப்போ பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1971ல் கையை விரித்துவிட்டது. சொன்ன காரணங்களில் ஒன்று, குரங்குகளில் பார்க்காமல் மனுஷங்களிடம் போவது ஆபத்து என்பது. பிறக்கிற குழந்தை எப்படி இருக்குமோ என்ற கேள்விதான்.

லெஸ்லி பிரவுன் பிரிஸ்டல் நகரத்துப் பெண். கருக்குழாய்கள் அடைபட்டு ஒன்பது வருஷம் காத்திருந்தவர். ஊசி போட்டு முட்டைகளைப் பெருக்காமல், இயற்கையாக முதிர்ந்த ஒரே ஒரு முட்டையை எடுத்து, தட்டில் (ஆமாங்க, தட்டுதான். டியூபெல்லாம் பத்திரிகைக்காரங்க வச்ச பேரு!) கருவாக்கி, 1977 நவம்பரில் உள்ளே வைத்தார்கள். கர்ப்பத்தின் கடைசியில் லெஸ்லிக்கு ரத்த அழுத்தம் ஏறியது. 1978 ஜூலை 25 ராத்திரி ஓல்டாம் பொது மருத்துவமனையில் சிசேரியன். லூயிஸ் பிறந்தாள், ஏறக்குறைய 2.6 கிலோ. ஆரோக்கியமான குழந்தை.

அதுக்கப்புறம்தான் கதை திசை மாறுது. எப்படியாவது ஒண்ணு தங்கட்டும்னு மூணு, நாலு கருவை வைக்க ஆரம்பிச்சாங்க. ரெட்டை, மூணுன்னு பொறந்தா குறைமாசமும் எடைக்குறைவும் கூடவே வரும். பழி தட்டு மேல விழுந்தது. சுவீடன் 2003ல் பொதுவாக ஒரே கருதான் வைக்கணும்னு விதி கொண்டுவந்தது. சுத்திச் சுத்தி லெஸ்லிகிட்டயே வந்து நின்னாங்க!

ஆனா ஒத்தைக் குழந்தையிலும் கொஞ்சம் எடைக்குறைவு தெரிந்தது. அதே 2003ல் டென்மார்க்கில் வந்த ஆய்வு எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. சிகிச்சையே இல்லாமல், ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்து உண்டானவர்களுக்கும் குறைப்பிரசவம் சற்று அதிகம் என்று அதில் தெரிந்தது. தட்டே இல்லையே அங்கே? 2008ல் நார்வேக்காரர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். ஒரே தாய்க்குச் சிகிச்சையில் பிறந்த பிள்ளையையும் தானாக உண்டான பிள்ளையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா, வித்தியாசம் கிட்டத்தட்டக் காணாமப் போச்சு. வயசு, தைராய்டு, கருப்பைக் கோளாறு என்று கருத்தரிப்பைத் தாமதிக்கிற சில காரணங்களே உள்ளே வளரும் பிள்ளையையும் தொடும்.

தட்டுக்குப் பங்கே இல்லைன்னு நான் சொல்ல வரலை. 2011ல் டென்மார்க்கில் இதே மாதிரி உடன்பிறப்புகளை ஒப்பிட்டதில் சின்ன எடை வித்தியாசம் தெரிந்தது. உறையவைத்த கருவில் பிறந்தவர்களோ சராசரியில் எடை கூட! எது எவ்வளவுன்னு கணக்கு இன்னும் ஓடிக்கிட்டிருக்கு.

லூயிஸின் தங்கை நேட்டலியும் அதே முறையில் 1982ல் பிறந்தவர்தான். 1999ல் அவருக்கே குழந்தை பிறந்தது, எந்தச் சிகிச்சையும் இல்லாமல். நாளைக்கு மறுபடி குழந்தை பார்க்கப் போறேன். பெரியம்மா இருந்தா நேட்டலியிலிருந்து ஆரம்பிக்கணும்.